ஊசியில் வந்த செல்கள்: ஃபைலோடிஸ் கட்டி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மார்பகக் கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்த்த எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத கட்டி) என்றிருந்தது. கட்டியை எடுத்த பிறகு அது ஃபைலோடிஸ் என்ற மார்பகக் கட்டி, அதிலும் புற்றுவகை என்கிறார்கள். முதலில் பார்த்தவர் தவறிவிட்டாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டு கட்டியிலும் குழாய்களின் உட்புறத்தை மூடும் எபிதீலிய செல்களும் அவற்றைத் தாங்கும் ஸ்ட்ரோமா என்ற இணைப்புத் திசுவும் உண்டு. வித்தியாசம் ஸ்ட்ரோமாவில்தான். அதுவும் ஒரே கட்டிக்குள் ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை மோசமாகவும் இருக்கும். ஊசி எங்கே போனதோ அதுதான் ஸ்லைடில் வரும். செல்கள் நெருக்கமாக அடைந்த ஸ்ட்ரோமாத் துண்டுகளையும், பின்னணியில் சிதறிக் கிடக்கும் நீண்ட கதிர்வடிவ செல்களையும் தேடுவேன். உட்கரு பெருத்து ஒழுங்கிழந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கட்டியின் விளிம்பு சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதை ஊசி சொல்லாது. அதற்கு முழுக்கட்டியும் வேண்டும்.

கேள்வி: ஊசி குத்தினால் பரவிவிடுமா?

பதில்: அந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தாமதம்தான் ஆபத்து.

கேள்வி: அக்குளில் நெறி கட்டவில்லை. பரவவில்லை என்று நம்பலாமா?

பதில்: கூடாது. இது பெரும்பாலும் இரத்தம் வழியாகப் பரவும். முதலில் நுரையீரலைப் பாருங்கள்.

கேள்வி (முதுநிலை மாணவர்): நுரையீரல் முடிச்சிலிருந்து எடுத்த ஸ்லைடில் கதிர்வடிவ செல்கள் மட்டுமே. எபிதீலியம் இல்லாததால் ஃபைலோடிஸ் இல்லை என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள்! பரவும்போது பொதுவாக ஸ்ட்ரோமா மட்டும்தான் போகும், எபிதீலியம் கூடப் போகாது. அந்த ஸ்லைடு வேறெந்த சார்கோமா (இணைப்புத் திசுப் புற்று) போலவும் தெரியும். மார்பில் எப்போதாவது கட்டி எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் பழைய ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (அறுவை மருத்துவர்): பழைய ஸ்லைடைத் தேடி நாட்களை வீணாக்குவானேன்? இம்யூனோ (செல்லின் புரதங்களை நிறமேற்றிக் காட்டும் சோதனை) போட்டால் முடிந்தது.

பதில்: முடியாது, டாக்டர். ஃபைலோடிஸுக்கு மட்டுமே உரிய குறியீடு என்று ஒன்றும் கிடையாது. சிடி34 என்ற குறியீடு புற்றுவகையில் மங்கிவிடலாம். பி63, சைட்டோகெராட்டின் என்ற குறியீடுகள் இரண்டும் ஆங்காங்கே நிறம் எடுத்து, மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா (எபிதீலியத்திலிருந்து வரும் வேறொரு மார்பகப் புற்று) என்று திசைதிருப்பும்.

கேள்வி (அவரே மறுபடி): அப்படியானால் எம்இடி12 மரபணு மாற்றத்தைத் தேடுங்கள்.

பதில்: நல்ல கேள்வி. ஆனால் அதே மாற்றம் ஃபைப்ரோஅடினோமாவிலும் கருப்பைத் தசைக்கட்டியிலும் உண்டு. தசைக்கட்டி சில பெண்களுக்கு நுரையீரலில் முடிச்சாக உட்காரும்; அதிலும் கதிர்வடிவ செல்கள்தான். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே பழைய ஸ்லைடு வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஃபைலோடிஸ் என்றால் என்ன பொருள்?

பதில்: கிரேக்கத்தில் இலை போன்றது. 1838இல் யோஹானஸ் முல்லர் வைத்த பெயர்.

கேள்வி: ஊசியால் பரவும் என்கிறார்களே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: அம்மாவின் ஸ்லைடைப் படம் எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: படத்தில் ஒரு மூலைதான் தெரியும், அதை வைத்துச் சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்குங்கள். மார்பகக் கட்டிகளை அதிகம் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் இந்த வாரமே கொண்டுபோங்கள்.