‘ஆர்த்தோ’ மெத்தை வாங்கினால் இடுப்பு வலி போய்விடுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 72 கிலோ. பள்ளி ஆசிரியை. ஏழெட்டு மாதமாகக் காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் நடமாடினால் விட்டுவிடும். காலில் மரத்துப்போவது எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுப்பதுதான் வழக்கம். 10 வருஷத்துக் காயர் மெத்தை, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. கணவரின் எடை 90 கிலோ. “ஆர்த்தோ மெத்தை வாங்குங்கள், எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது” என்கிறார் கடைக்காரர். “தரையில் பாய் விரித்துப் படு” என்கிறார் மாமியார். எங்கள் ஊரில் நாலைந்து மெத்தைக் கடைகள்தான். எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: எழும்போது வலி இருக்கிறது, நடமாடினால் விடுகிறது, மெத்தையிலும் பள்ளம் இருக்கிறது. மெத்தையைச் சந்தேகப்பட இவை போதும். ஆனாலும் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள்.

முதலாவது, மூன்று நான்கு இரவுகள் வேறு கட்டிலில், வேறு மெத்தையில் படுத்துப் பாருங்கள். காலை வலி குறைந்தால் குற்றவாளி மெத்தைதான். குறையவில்லை என்றால் புது மெத்தைக்குச் செலவழிப்பதில் பலன் சந்தேகமே. இரண்டாவது, மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, இடுப்பு படும் இடத்தில், நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். யாரும் படுக்காத நிலையிலேயே 1 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த மெத்தை தன் காலத்தை முடித்துவிட்டது. பிறகு மெத்தையைத் தூக்கிவிட்டு, கட்டில் சட்டங்களின் மேலும் அதே நூலைப் பிடித்துப் பாருங்கள். சட்டம் வளைந்திருந்தால் பலகை போட்டுச் சரிசெய்யலாம். மெத்தையே அமுங்கிப்போயிருந்தால் கீழே பலகை போட்டும் பயன் இல்லை.

எந்த மெத்தையும் தீர்க்காத வலிகளும் உண்டு. காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பின்னிரவில் வலி தூக்கத்தைக் கலைத்தால், மாலைக் காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மூட்டுவாதமும் முதுகெலும்புக் காசநோயும் இப்படித்தான் தொடங்கும். சிறுநீர் கழிப்பதில் சிரமம், மலத்துளையைச் சுற்றி மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

இனி அந்த ‘ஆர்த்தோ’. அது வியாபாரப் பெயர். எலும்பு மூட்டு மருத்துவர்கள் பரிசோதித்துக் கொடுக்கும் சான்று அல்ல. எந்தத் தயாரிப்பாளரும் எந்த மெத்தையிலும் அதை அச்சடித்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ரீபாண்டட் ஃபோம், அதாவது வெட்டிக் கழித்த ஃபோம் துண்டுகளை அரைத்துப் பசையில் அழுத்திச் செய்த கெட்டியான பலகை. அது மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ‘கெட்டியாக இருந்தால் முதுகுக்கு நல்லது’ என்ற கணக்குதான் தவறு. 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், உங்களைப் போலவே படுக்கையிலும் எழும்போதும் நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெட்டி மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலியும் அன்றாட வேலையில் தடங்கலும் கூடுதலாகக் குறைந்திருந்தன.

காரணம் உடம்பின் வடிவத்தில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பெலும்பும் வெளியே துருத்தி நிற்கும், இடை உள்வாங்கியிருக்கும். மெத்தை மிகக் கெட்டி என்றால் தோளும் இடுப்பும் அமுங்க இடமில்லாமல் இடை அந்தரத்தில் தொங்கும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். மிக மென்மை என்றால் உடம்பில் அதிக எடையுள்ள இடுப்பு மட்டும் புதைந்து, தூளியில் கிடப்பதுபோல் ஆகிவிடும். இரண்டிலும் தசைகள் இரவு முழுக்க இழுபட்டே இருக்கும்.

மாமியார் சொல்லும் பாய், மல்லாந்து படுப்பவருக்கும் உட்கார்ந்து எழுவதில் சிரமம் இல்லாதவருக்கும் பொருந்தும். ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்குத் தோளும் இடுப்பெலும்பும் நோகும். காலையில் விறைத்த இடுப்போடு தரையிலிருந்து எழுவதும் கூடுதல் பாடு.

கடைக்குப் போகும்போது தளர்ந்த சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக வைக்கும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, கணவரோடு, கூட்டமில்லாத வார நாள் மதியம் போங்கள். கையால் அமுக்கிப் பார்ப்பதும் ஓரத்தில் உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதும் எதையும் சொல்லாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுப்பதுபோலவே ஒருக்களித்து, ஒரு மெத்தைக்குக் குறைந்தது 10 நிமிடம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம், பத்து வருஷம் படுக்கப் போகிறவர் நீங்கள். மேலே பிளாஸ்டிக் உறையும் விரிப்பும் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கணவர் உங்கள் முதுகுப் பக்கம் நின்று, பிடரியிலிருந்து வால் எலும்பு வரை ஒரே நேர்க்கோடாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். மொபைலில் ஒரு படம் எடுத்தால் நீங்களும் பார்க்கலாம். இடை கீழே தொங்கினால் அது உங்களுக்குக் கெட்டி அதிகம். இடுப்பு புதைந்து கோடு நடுவில் இறங்கினால் மென்மை அதிகம்.

அடுத்து மல்லாந்து படுத்து, உள்ளங்கையை இடைக்கும் மெத்தைக்கும் நடுவே நுழையுங்கள். தடையே இல்லாமல் போய்வந்தால் மெத்தை கெட்டி. திணித்து நுழைக்க வேண்டியிருந்தால் மென்மை. உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பாருங்கள். புரள்வதற்குப் பலமாக உந்த வேண்டியிருந்தால் இரவில் ஒவ்வொரு புரளலும் தூக்கத்தைக் கெடுக்கும். கடைசியாக இருவரும் சேர்ந்து படுங்கள். 90 கிலோ படுக்கும் பக்கம் நீங்கள் சரிகிறீர்களா என்பது அப்போதுதான் தெரியும்.

ஷோரூமில் பலர் படுத்துப் பார்த்த மாதிரி மெத்தை ஓரளவு இளகியிருக்கும். வீட்டுக்கு வரும் புதியது அதைவிடக் கெட்டியாக இருக்கும். மெமரி ஃபோமில் இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்று உண்டு. அது குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். ஏ.சி. ஷோரூமில் கெட்டியாகத் தெரிந்தது, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் மே மாதத்தில் புதைய ஆரம்பிக்கும், உடம்புச் சூட்டையும் பிடித்துவைக்கும். மெமரி ஃபோம் வேண்டுமென்றால் மேலடுக்கில் 1 அல்லது 2 அங்குலம் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குவதுதான் முக்கியம். ‘6 அங்குல ஃபோம்’ என்பது பதில் இல்லை. எந்த அடுக்கு, எத்தனை அங்குலம், ஒவ்வொன்றின் டென்சிட்டி என்ன என்று கேளுங்கள். பல கடைகளில் வெட்டுத்துண்டு மாதிரி வைத்திருப்பார்கள். உறையில் ஜிப் இருந்தால் திறந்தே பார்க்கலாம். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோ கணக்கில். உங்கள் இருவர் எடைக்கும் சாதாரண பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோம் என்றால் 32-க்குக் குறையாமலும், அமுங்கினால் நன்றாக மீண்டெழும் ஹெச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ்) ஃபோம் என்றால் 35 முதல் 40 வரையும் கேளுங்கள். 20 அளவில் உள்ள ஃபோம் முதல் மாதம் சுகமாக இருந்து, சில வருஷத்திலேயே இடுப்பு படும் இடத்தில் குழி விழும். இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது: “இது 90 டென்சிட்டி, அது வெறும் 40தான்” என்று ரீபாண்டட்டையும் ஹெச்.ஆரையும் ஒப்பிடுவார்கள். ரீபாண்டட் அழுத்திச் செய்வதால் அந்த எண் இயல்பாகவே பெரிதாக இருக்கும். ஒரே வகை ஃபோமுக்குள் மட்டும்தான் அந்த எண்ணை ஒப்பிட வேண்டும்.

சொன்ன டென்சிட்டி உண்மையா என்பதை எடை காட்டிக்கொடுக்கும். நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கி 35-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 6 அடிக்கு 5 அடி, 6 அங்குலக் கனம் என்றால் 15 கன அடி, அதாவது சுமார் 0.43 கன மீட்டர். முழுக்க 40 டென்சிட்டி ஹெச்.ஆர். என்றால் ஃபோம் மட்டும் 17 கிலோ இருக்க வேண்டும், உறை தனி. பழைய பேப்பர் எடுப்பவர் வைத்திருக்கும் தொங்கு தராசே போதும். 12 கிலோதான் நிற்கிறது என்றால் திருப்பிக் கொடுங்கள்.

காயர் மெத்தை உங்களுக்குப் பழகியது. தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. காற்றோட்டம் நன்றாக இருக்கும், சூடு தங்காது. ஆனால் நார் ஒரே இடத்தில் அமுங்கினால் மீண்டு வராது. மறுபடி அதையே வாங்கினால் மேலே 2 அங்குலமாவது நல்ல ஃபோமோ லேடெக்ஸோ (ரப்பர் பாலில் செய்த நுரை) இருக்கட்டும். இயற்கை லேடெக்ஸ் நல்ல பொருள், விலை அதிகம், தூக்கிப் போடச் சிரமம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் தவிர்க்க வேண்டும். போடி பக்கத்து இலவம் பஞ்சு மெத்தை உடம்புக்குக் குளுமைதான், அடிக்கடி வெயிலில் போட்டு, திரண்ட பஞ்சை அவ்வப்போது பிரித்து அடித்துத் தைக்க ஆளிருந்தால் வாங்கலாம். இடுப்பு வலியோடு அதைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகப் போவது யார் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் இருவருக்கும் எடை வித்தியாசம் 18 கிலோ. ஸ்பிரிங் மெத்தை என்றால், ஒன்றோடொன்று பின்னிய சாதா ஸ்பிரிங் வேண்டாம், ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் கேளுங்கள். அதைவிட என் விருப்பம், 3 அடி அகலத்தில் இரண்டு தனி மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது. உங்களுக்கு நடுத்தரம், அவருக்குக் கொஞ்சம் கெட்டி. இரண்டையும் ஒரே கனத்தில் வாங்க வேண்டும், கட்டிலும் 6 அடி அகலம் இருக்க வேண்டும்.

கட்டிலின் உள்ளளவை மூன்று இடத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டு போங்கள். தச்சர் செய்த பழைய தேக்குக் கட்டில்கள் கடை அளவுக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம். ஃபோமையும் காயரையும் அளவு சொல்லி வெட்டி வாங்கலாம், ஸ்பிரிங்கை முடியாது. மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து உங்கள் முழங்கால் மடிப்பு உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். 16 அங்குலக் கட்டிலின் மேல் 10 அங்குல மெத்தை போட்டால், உங்கள் உயரத்துக்குக் கால் தரையில் படாமல் சறுக்கித்தான் இறங்க வேண்டும். உங்களுக்கு 6 அங்குலம் தாராளம். கட்டில் சட்டங்களுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் 12 மி.மீ. பிளைவுட் போடுங்கள், அதில் சில துளைகளும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வியர்வை ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஜி.எஸ்.டி. ரசீதில் மாடல் பெயர், அளவு, கனம், டென்சிட்டி நான்கையும் எழுதி வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்பதைவிட, எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் படியுங்கள். ஈரக்கறை பட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று பெரும்பாலான அட்டைகளில் இருக்கும், அதனால் முதல் நாளே மேலுறை போட்டுவிடுங்கள். ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், வாய்ச்சொல் நிற்காது. தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், ரசீது கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கனத்தை அளந்து பாருங்கள். சுருட்டி வந்த ஃபோம் முழுதாக உப்ப ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், அதன் பிறகு அளந்து பாருங்கள். புது வாசனை போக ஜன்னலைத் திறந்து ஓரிரு நாள் விடுங்கள். ஃபோமையும் லேடெக்ஸையும் வெயிலில் போட்டால் பொடிந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போடுங்கள். புது மெத்தையில் பழைய தலையணை உயரம் பொருந்தாமல் போகலாம். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை வையுங்கள்.

இன்னொன்றை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். இரவில் முதுகெலும்புத் தட்டுகள் (எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள்) நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை, எழுந்து ஒரு மணி நேரம் ஆகும்வரை ஒத்திப்போடுங்கள். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

உடம்பு புது மெத்தைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். 4 வாரம் கழித்தும் காலை வலி அப்படியே இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகவே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு போக வேண்டாம். உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் தட்டுத் தேய்மானம் சாதாரணமாகத் தெரியும். பரிசோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.