ஒன்றரை வயது ஊசியோடு முடிந்துவிடுமா?

மகளுக்கு ஒன்றரை வயது ஊசி போட்டாயிற்று, இனி எந்த வயதில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோட்டை விட்டதும் சரியாக இந்த இடத்தில்தான்.

என் மகனுக்குக் கைக்குழந்தையில் எதுவும் தவறவில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் கல்லீரல் தொற்றைத் தடுக்கும் ஹெபடைட்டிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், கூடவே வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா. 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும், அதாவது பாதுகாப்பைப் புதுப்பிக்கும் கூடுதல் தவணையும். புதன்கிழமை வந்தால் நர்ஸம்மாவே போன் செய்துவிடுவார். அதன் பிறகு போன் நின்றுவிட்டது. நானும் எல்லாம் முடிந்ததென்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. 5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பின் இரண்டாவது பூஸ்டர் இருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சிறுவயதில் கிடைத்த பாதுகாப்பு நாளாக நாளாகக் குறையும், அதற்குத்தான் இது. இளையவள் பிறந்தபோது, "அண்ணன் அட்டையையும் கொண்டாங்க" என்றார் நர்ஸம்மா. பார்த்தால் அவன் தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டம் காலி. அவனுக்கு அப்போது ஏழு வயது மூன்று மாதம்.

"ஏழு முடிஞ்சா முத்தடுப்பு போட மாட்டோம், டிடிதான்" என்றார். முத்தடுப்பில் தொண்டை அடைப்பானுக்கான மருந்து முழு அளவு, கக்குவான் மருந்தும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது காய்ச்சல், வீக்கம் என்று அதிகம் படுத்தும். டிடியில் ரண ஜன்னி மருந்து உண்டு, தொண்டை அடைப்பான் மருந்து குறைந்த அளவு, கக்குவான் கிடையாது. கக்குவானுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் டிடாப் என்று ஒன்று தனியாரில் கிடைக்கும். ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து எல்லாம் திரும்பப் போட வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாமாம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

அப்புறம் 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொரு டிடி. பெரும்பாலும் பள்ளிக்கே வந்து போடுவார்கள். அன்று லீவு போட்ட பிள்ளைகள்தான் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஊசி என்று தெரிந்தே லீவு போட்டான், அது வேறு கதை.

பெண் குழந்தை என்பதால் எச்பிவி ஊசியையும் மனதில் வையுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுப்பது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15க்கு மேல் மூன்று என்றார் எங்கள் குழந்தை மருத்துவர். அந்த வயது வரும்போது அரசு மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

டைபாய்டு, சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ, பொன்னுக்கு வீங்கிக்குச் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் இவையெல்லாம் அரசு அட்டவணையில் இல்லை, குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். நான் டைபாய்டும் எம்எம்ஆரும் போட்டேன். மற்றவை உங்கள் மருத்துவரும் உங்கள் பர்ஸும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

கடைசியாக, அட்டையை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டு அட்டையில் பாதி தேதி ரசத்தில் ஊறிவிட்டது.