நகையை அடகு வைக்கும் முன் ஒரு வார்த்தை, அக்கா

அக்கா, நகையை அடகு வைத்துப் பையனை ஒரு ஏஜென்ட் மூலம் டெக்னிக்கல் டைவிங் (ஆழ்கடல் முங்குதல்) படிக்க வைக்கலாமா என்று பொழியூரிலிருந்து நீங்கள் கேட்டு அனுப்பியதைப் படித்தேன். அந்த ஏஜென்டிடம் இப்போது பணம் கட்டாதீர்கள். பையனின் ஆசையில் தப்பே இல்லை, அவர் காட்டுகிற வழிதான் தப்பு.

டெக்னிக்கல் டைவிங் படித்தால் வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று வேலை என்கிறாராம். அது கமர்ஷியல் டைவர் பார்க்கிற வேலை. தலையில் ஹெல்மெட், மேலே கப்பலிலிருந்து குழாய் வழியாகக் காற்று, பேசுவதற்கு ஒயர் என்று எல்லாமே வேறு. பயிற்சிப் பள்ளியும் சான்றிதழும்கூட வேறு. கடல் வேலைக் கம்பெனிகளின் சர்வதேச அமைப்பான இம்கா (IMCA) விதிப்படி நடக்கிற கம்பெனிகள், முதுகில் சிலிண்டர் கட்டி முங்குகிற ஸ்கூபாவை ஏற்பதே இல்லை, டெக்னிக்கல் டைவிங் சான்றிதழ் அங்கே செல்லாது. கொச்சியில் இருக்கிற கடற்படை டைவிங் பள்ளியையும் கேட்டிருந்தீர்கள். அது முக்கியமாகக் கடற்படையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தருகிற இடம்.

சரி, டெக்னிக்கல் என்றால் என்ன? 40 மீட்டரைத் தாண்டிப் போனாலோ, அதற்குள்ளேயே ரொம்ப நேரம் இருந்தாலோ, உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேர்ந்துவிடும். நேராக மேலே வர முடியாது. நின்று நின்றுதான் வர வேண்டும், நடுவில் என்ன கோளாறு வந்தாலும் தண்ணீருக்குள்ளேயே சரி செய்ய வேண்டும். ஏறும்போது மாற்றிக்கொள்ள 50 சதவீத ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கூட இருக்கும். அதை 21 மீட்டருக்கு வந்த பிறகுதான் வாயில் வைக்கலாம். 40 மீட்டரில் மாறி வைத்துவிட்டால் வலிப்பு வரலாம், அந்த ஆழத்தில் வலிப்பு வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

பையன் கோவளத்தில் ஓப்பன் வாட்டர் என்ற முதல் ஸ்கூபா படிப்பை முடித்துவிட்டான், நல்லது. அடுத்து அட்வான்ஸ்டு, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்றில் முங்குவது), ரெஸ்கியூ (மற்றவரைக் காப்பாற்றுவது), பிறகு டைவ்மாஸ்டர் (மற்றவர்களைக் கூட்டிப் போகிற வழிகாட்டி). வருமானம் தொடங்குகிற இடம் டைவ்மாஸ்டர்தான். அந்தமானிலோ கோவாவிலோ வேலை பார்த்துக்கொண்டே டைவ் எண்ணிக்கையும் ஏறும். பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் டெக்னிக்கல் படிப்பான டெக் 40-க்குக் குறைந்தது 18 வயதும் 30 டைவும் வேண்டும் என்பது விதி. நான் 100 ஆகட்டும் என்பேன். முதல் டெக்னிக்கல் படிப்பாக, டிடிஐ (TDI) என்ற பயிற்சி அமைப்பின் இன்ட்ரோ டு டெக் அல்லது ஜியூஈ (GUE) என்ற அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். ஆழத்துக்குக் கூட்டிப் போகாமல், அசையாமல் ஒரே மட்டத்தில் மிதக்கவும் கூட வருபவரோடு சேர்ந்து கோளாறைச் சமாளிக்கவும் பழக்குவார்கள். ஃபண்டமென்டல்ஸில் சரியாகச் செய்யாவிட்டால் பணம் கட்டியிருந்தாலும் பாஸ் கிடையாது, எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இன்னொன்று முக்கியம். அப்பாவோடு சிப்பி எடுக்கப் போய் வளர்ந்த பையன் என்கிறீர்கள். கடல் பயம் இல்லாதது பெரிய பலம், ஆனால் மூச்சடக்கும் பழக்கம் ஸ்கூபாவில் ஆபத்து. 10 மீட்டரில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். பயிற்சியாளரிடம் அவனே இதை முன்கூட்டியே சொல்லட்டும். அவர் இப்போதும் சொந்தமாக டெக்னிக்கல் டைவ் போகிறாரா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்றும் கேட்கட்டும். பதில் சொல்ல எரிச்சல்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஜூன் பிறந்தால் நம் பக்கம் கடல் கொந்தளிக்கும், செப்டம்பர் வரை டைவ் அதிகம் நடக்காது. அந்த மாதங்களில் காது, நுரையீரல் பரிசோதனையையும் டைவிங் கூடவே படிக்க ஒரு தொலைநிலை டிகிரிக்கான விண்ணப்பத்தையும் முடித்துவிடுங்கள்.