ஈரி ஏரியில் வால்ஐ – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓஹையோவின் கொலம்பஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் மேட்டூர் பக்கம். மண்புழு கோத்துத் தக்கைத் தூண்டில் போட்டு வளர்ந்தவன். உங்கள் தளத்தில் ஈரி ஏரி பற்றி வந்த குறிப்புகளைப் படித்துவிட்டு, நானும் அலுவலக நண்பர் ஒருவரும் சேர்ந்து 18 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம்.

ஜூலையில் வால்ஐ என்னும் நன்னீர் மீனைத் தேடி கிளீவ்லாந்துக்கு வெளியே 45 அடி ஆழத்தில் ட்ரோலிங் செய்தோம், அதாவது படகை ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்தோம். இருவர், நான்கு ராடு (தூண்டில் கம்பு). தரையைத் தொடும்படி ஈயம் கட்டி, படகுக்கு நேர் பின்னால் லூர்களை (போலி இரைகளை) இழுத்தோம். எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் மணிக்கு 2.8 மைலுக்குக் கீழே வரவில்லை. மாட்டியதெல்லாம் ஷீப்ஹெட், வெள்ளைப் பெர்ச் என்னும் வேறு மீன்கள்தான். சுற்றியிருந்த படகுகளில் வால்ஐ ஏறிக்கொண்டே இருந்தது. மீன் காட்டும் சோனார் திரையில் 20, 25 அடியில் வளைவு வளைவாக ஏதோ தெரிந்தது. பொடிமீனாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

என்னிடம் இப்போது 40 லூர் இருக்கிறது. எந்த நிறத்தைப் போடுவது? கடைக்காரர் பர்ப்பிள் என்கிறார், யூடியூபில் சார்ட்ரூஸ் (பளிச்சென்ற மஞ்சள் பச்சை) என்கிறார்கள். இன்னொன்று. ஊரில் இருக்கும் என் மாமாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "எஞ்சின் ஓடுது, மீன் தானா மாட்டுது, இதுல உனக்கு என்னடா வேலை?" என்று கேட்டுவிட்டார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடைசியாக, ஷீப்ஹெட்டைச் சாப்பிடலாமா? எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டோம்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

சோனாரில் 20, 25 அடியில் நீங்கள் பார்த்த அந்த வளைவுகள்தான் வால்ஐ. உங்கள் லூர்கள் அவற்றுக்கு இருபது அடி கீழே, ஷீப்ஹெட் மேயும் தரையில் போய்க்கொண்டிருந்தன. 40 லூரில் எதைப் போட்டிருந்தாலும் அன்று இதேதான் நடந்திருக்கும்.

குளத்திலும் ஆற்றிலும் தூண்டில் போட்டு வந்த நம் எல்லோருக்கும் தரையைத் தேடும் பழக்கம் உண்டு. ஈரி ஏரியில், அதுவும் கோடையில், அது உதவாது. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 24 அடி, கிளீவ்லாந்து இருக்கும் நடுப்பகுதியில் 60 அடி. கோடையில் நடுப்பகுதியில் வெதுவெதுப்பான மேல்நீர் தனியாகவும் குளிர்ந்த அடிநீர் தனியாகவும் பிரிந்துவிடும். அடியில் கிடக்கும் குளிர்நீர் மெல்லிய அடுக்கு. மேலிருந்து அதற்கு உயிர்வளி இறங்காது, செத்து விழும் பாசி அழுகி இருப்பதையும் தின்றுவிடும். கோடைக் கடைசியில் அங்கே மீன் தங்க முடியாது. வால்ஐ தின்னும் ஷைனரும் ஷாடும் நடுநீரில் கூட்டமாகத் திரியும். வால்ஐ அவற்றின் பின்னால் போகும். தரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஏரியில் மீன் குறைந்துவிட்டதோ என்ற சந்தேகமும் வேண்டாம். 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் பொரித்த குஞ்சுகள் பெருமளவில் பிழைத்தன. (ஏரிக்கரையில் உள்ள போர்ட் கிளின்டன் ஊரில் புத்தாண்டு இரவில், நியூயார்க்கில் ஒளிப்பந்தை இறக்குவது போல, ராட்சத வால்ஐ பொம்மையை இறக்குவார்கள். ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், குளிர் தாங்குமென்றால்.)

வால்ஐயின் கண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது, பூனைக்கு இருப்பது போலத்தான். மங்கிய வெளிச்சத்தில் இரைமீனுக்குக் கண் தெரியாதபோது இதற்குத் தெரியும். கண் அமைந்திருக்கும் விதத்தில் மேலே போவதைத்தான் அது நன்றாகப் பார்க்கும். மேலே வந்து கடிக்கும், கீழே இறங்கிக் கடிப்பது அபூர்வம். ஆகவே வளைவு 25 அடியில் தெரிந்தால் லூர் 20 அடியில் போகட்டும். இரண்டு அடி தாழ்ந்துவிட்டால்கூட வீண்.

அடுத்தது, படகுக்கு நேர் பின்னால் இழுத்தது. 15 அடியில் நிற்கும் மீனுக்குத் தலைக்கு மேலே ஒரு எஞ்சின் போகிறது. அது விலகிவிடும். உங்கள் சோனாரும் அதைக் காட்டாது. 20 பாகைக் கூம்பு என்றால் 15 அடி ஆழத்தில் அது பார்க்கும் வட்டத்தின் விட்டம் ஐந்து அடிதான். மேல்நீரில் மீனே இல்லை என்று பலர் நம்புவது இதனால்தான்.

இதற்குத்தான் பிளேனர் போர்டு. நரம்பில் கவ்வி மாட்டும் சின்னப் பலகை, படகு நகரும்போது நீரைச் சாய்வாகத் தள்ளி நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். லூரை நூறு அடி விட்டு, பலகையை மாட்டி, மேலும் நூறு அடி பக்கமாக ஓடவிட்டால் லூர் படகின் சத்தத்துக்கு வெளியே போய்விடும். இடமும் வலமும் ஒவ்வொன்று போட்டால் நீங்கள் அலசும் தடம் இருநூறு அடி அகலமாகிவிடும். நூறு அடி என்று நான் சொல்வதை அளக்க லைன் கவுண்டர் உள்ள ரீல் வேண்டும். அது இல்லாமல் மீன் மாட்டினாலும் மறுபடி அதே ஆழத்துக்கு லூரை அனுப்ப வழியில்லை. நாற்பது லூருக்குக் கொடுத்த காசில் இரண்டு ரீலும் ஒரு ஜோடி பலகையும் வந்திருக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போர்டு போட்டபின் நேராக ஓட்டாதீர்கள். பாம்பு போல வளைந்து வளைந்து போங்கள். களத்தில் பிணையல் மாடு கட்டிப் போரடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கத்து மாடு நின்ற இடத்திலேயே திரும்பும், வெளிப்பக்கத்து மாடு ஓடியாக வேண்டும். வளைவில் உங்கள் பலகைகளுக்கும் அதே கதி. உள்பக்கத்து லூர் மெதுவாகும், வெளிப்பக்கத்து லூர் வேகமெடுக்கும். திரும்பும்போதெல்லாம் வெளிப்பக்கத்தில் கடி விழுந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், உள்பக்கத்தில் விழுந்தால் குறையுங்கள். மீனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

2.8 மைல் வேகம் ஆகஸ்டில் ஸ்பூன் என்னும் தகட்டு லூருக்கு ஓரளவு ஒத்துவரும், மற்றதற்கெல்லாம் அதிகம். படகின் இருபக்கமும் டிரிஃப்ட் சாக் என்னும் துணிப்பையைக் கட்டி இழுத்தால் வேகம் குறையும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் அடியில் ஓட்டை போட்ட ஐந்து கேலன் வாளி போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரைக்கு மேல் படகின் வேகம். நீருக்கடியில் ஓட்டம் இருந்தால் லூர் உணரும் வேகம் வேறு. கிழக்கே போகும்போது கடித்துக்கொண்டே இருந்த மீன், திரும்பி மேற்கே வரும்போது வாயை மூடிக்கொண்டால் இதைச் சந்தேகப்படுங்கள்.

இனி உங்கள் பெட்டி. நாற்பதையும் நிறவாரியாக அடுக்கியிருப்பீர்கள். கலைத்துவிட்டு, எது எப்படி ஆழத்துக்குப் போகிறது என்று பார்த்து அடுக்குங்கள்.

முன்னால் பிளாஸ்டிக் உதடு வைத்த நீள மீன் வடிவ கிராங்க்பெய்ட்கள், அதாவது பேண்டிட், ரீஃப் ரன்னர், ரபாலா ஹஸ்கி ஜெர்க் வகையறா, தாமாக முழுகும். எவ்வளவு நரம்பு விட்டீர்கள், நரம்பு எவ்வளவு மெல்லியது என்பதுதான் ஆழத்தைத் தீர்மானிக்கும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஆழம் பெரிதாக மாறாது. ஆழமாக முழுகும் பேண்டிட், 10 பவுண்டு மோனோ நரம்பில் நூறு அடி விட்டால் ஏறக்குறைய 20 அடியில் போகும். பனி உருகியதும் மணிக்கு 1 முதல் 1.5 மைல், கோடையில் 2 மைலை ஒட்டி.

ஹார்னெஸ் என்பது மணி கோத்த நரம்பில் சுழலும் தகடும் இரண்டு முள்ளும் வைத்து, பெரிய மண்புழுவை நீளமாகக் கோத்து இழுப்பது. மேட்டூர்க்காரருக்குக் கைவந்த சமாச்சாரம். மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க இதற்கு நிகர் கிடையாது. மணிக்கு 1 முதல் 1.5 மைல், தகடு மெல்லத் தட்டிக்கொண்டே சுழல வேண்டும், புழு முறுக்கிக்கொள்ளக் கூடாது. இதற்குத் தனியாக ஈயம் கவ்வ வேண்டியிருப்பதால் வேகம் குறைந்தால் தாழும், கூடினால் எழும். கிராங்க்பெய்ட்டையும் ஹார்னெஸையும் ஒரே நேரத்தில் இழுப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஸ்பூன் வெறும் மெல்லிய தகடு, கனமே இல்லை. அதை ஆழத்துக்குக் கொண்டுபோக டிப்ஸி டைவர் என்னும் முழுகும் தட்டு வேண்டும். அடியில் உள்ள வளையத்தைத் திருப்பி வைத்தால் இடமோ வலமோ விலகிக்கொண்டே முழுகும். எண் கூடக் கூடப் பக்கவாட்டில் அதிகம் போகும், ஆழம் குறையும். ஜூலை, ஆகஸ்டில் 2 முதல் 2.5 மைலில் இது வெளுத்து வாங்கும். உங்கள் நான்கு ராடுக்கு என் யோசனை: வெளியே இரண்டு பலகையில் கிராங்க்பெய்ட், உள்ளே இரண்டு டிப்ஸியில் ஸ்பூன். நான்கும் நான்கு ஆழத்தில். ஒன்றில் இரண்டு மீன் வந்தால் மற்றதையும் அந்த ஆழத்துக்கு மாற்றுங்கள்.

நிறம் கேட்டீர்கள். காற்றடித்துக் கலங்கிய நீரில் சார்ட்ரூஸ், ஆரஞ்சு. தெளிந்த நீரில் வெள்ளி, பர்ப்பிள். வால்ஐ கண்ணுக்குப் பச்சையும் ஆரஞ்சுச் சிவப்பும்தான் நன்றாகத் தெரியும் என்பதும் உண்மை. ஆக, கடைக்காரரும் யூடியூபும் இருவருமே சரி, அவரவர் நின்ற நீரில். அதற்கு மேல் எனக்கு நிறத்தில் நம்பிக்கை குறைவு. ரொட்டி உறையின் புள்ளிகளைப் பார்த்து 'வொண்டர்பிரெட்' என்று ஒரு ஸ்பூனுக்குப் பெயர் வைத்து விற்கிறார்கள், அதுவும் நன்றாகவே கடிபடுகிறது. நிறத்தைவிட லூர் நேராக நீந்துகிறதா என்று பாருங்கள். படகோரமாக நீரில் இழுத்துப் பார்த்து, இடதுபக்கம் சாய்ந்தால் மூக்கு வளையத்தைக் குறட்டால் துளி வலப்பக்கம் வளையுங்கள்.

காலமும் இடமும் பற்றி ஒரு வரி. மார்ச், ஏப்ரலில், நம்மவர்கள் கிளீவ்லாந்தில் தியாகராஜர் ஆராதனைக்குக் கூடும் அதே பருவத்தில், வால்ஐ மேற்கே மாமி ஆற்றிலும் (பெயரே அதுதான், நான் கிண்டல் செய்யவில்லை) ஏரியின் பாறைத் திட்டுகளிலும் முட்டையிடத் திரளும். முடிந்ததும் பெரிய மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடிக் கிழக்கே கிளம்பும், கோடையில் உங்கள் கிளீவ்லாந்தையும் தாண்டி ஆஷ்டபுலா வரை போகும். அக்டோபர், நவம்பரில் இரவில் கரையோரம் வரும். அப்போது மறுபடி கிராங்க்பெய்ட், மெதுவாக.

உங்கள் மாமா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கடிபடும் கணத்தில் நரம்பு உங்கள் விரலில் இல்லை. அந்த வெட்டு வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் மேற்குப் பகுதித் திட்டுகளில் ஜிக் (ஈயத்தலை வைத்த முள், கையால் தூக்கித் தூக்கி ஆட்டுவது) போடுங்கள், எனக்கும் அதுதான் கூடுதல் பிரியம். ஆனால் எஞ்சின் இல்லாத காலத்திலும் ட்ரோலிங் இருந்தது. பின்லாந்தின் லௌரி ரபாலா பைஜான்னே ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டே பின்னால் தூண்டில் இழுத்துப் பிழைத்தவர். கூட்டத்தில் அடிபட்டுக் கோணலாக நீந்தும் ஒரு மீனைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்று பார்த்து, 1936 வாக்கில் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுற்றி அந்தக் கோணல் ஓட்டத்தை உண்டாக்கினார். உங்கள் பெட்டியில் கிடக்கும் ரபாலாக்களுக்கு மூலம் அதுதான். மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். இருநூறு அடி அகல நீரில், கண்ணுக்குத் தெரியாத நான்கு லூர்கள் எந்த ஆழத்தில் எந்த வேகத்தில் போகின்றன என்று மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுவது ஒரு வேலைதான். அலுப்பான மணிநேரங்களும் உண்டு, மறைக்கவில்லை.

18 அடிப் படகு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆழம் குறைந்த ஏரி என்பதால் காற்று எழுந்தால் குட்டையான, செங்குத்தான அலை சட்டென்று கிளம்பும். கிளீவ்லாந்து தெற்குக் கரையில் இருக்கிறது, வடக்கும் வடகிழக்கும் அடித்தால் ஏரியின் அலை முழுக்க உங்கள் மேல்தான். முன்னறிவிப்பில் இரண்டு அடிக்கு மேல் அலை என்றிருந்தால் படகை இறக்காதீர்கள். மிதவைச் சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஓஹையோ பக்கத்தில் வால்ஐ குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஆறு. இந்த விதிகள் மாறக்கூடியவை, கிளம்புமுன் அந்த ஆண்டுக்குரியதைப் பார்த்துவிடுங்கள்.

ஷீப்ஹெட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். இங்கே பலர் முகம் சுளிப்பது வெயிலில் போட்டுவைத்துக் கெடுத்த மீனைத் தின்றதால். பிடித்ததும் செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டு ஐஸில் புதையுங்கள். பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையை வெட்டி எறியுங்கள். தலைக்குள் தந்தம் போல வழவழப்பான இரண்டு காதுக்கற்கள் இருக்கும். ஈரிக் கரைகளில் பிள்ளைகள் 'லக்கி ஸ்டோன்' என்று பொறுக்குவது அவற்றைத்தான். மாநிலம் வெளியிடும் மீன் உண்ணும் அறிவுரையில் எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை தின்னலாம் என்று இருக்கும், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவசியம் படியுங்கள். சதை வால்ஐ போல மென்மையாக இருக்காது, கொஞ்சம் இறுகலாக இருக்கும். வறுவலைவிடக் குழம்புக்குப் பொருந்தும். புளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கரையுங்கள்.