மூளை ரத்தக்குழாயில் பெரிய வீக்கம்: காயில் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

சிங்கப்பூர் டான் டோக் செங் மருத்துவமனையில் உங்கள் அம்மாவைப் பார்த்த டாக்டர், 27 மி.மீ. வீக்கத்துக்குக் ‘காயில்’ (coil, வீக்கத்துக்குள் நிரப்பும் மெல்லிய கம்பிச்சுருள்) வேண்டாம், வலைக்குழாய் (flow diverter) வைக்கலாம் என்றாராம். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

25 மி.மீ.யை எட்டினாலே அது ராட்சத வகை. வீக்கம் ரத்தக்குழாயோடு சேரும் வாய் அகலம் என்பதால், உள்ளே நிரப்பும் பிளாட்டினம் சுருள், ரத்தம் மோதி மோதி நாளடைவில் அமுங்கிவிடும். வீக்கம் மறுபடி திறந்துகொள்ளும். வலைக்குழாய் வீக்கத்துக்குள் போவதே இல்லை. வீக்கம் கிளம்பிய மூல ரத்தக்குழாயில், வாயின் குறுக்கே விரிகிறது. உள்ளே தேங்கும் ரத்தம் மெல்ல உறைய, வலைமேல் புதுச் சவ்வு படர்கிறது.

இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வலையில் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் இரண்டையும் தவறவிடவே கூடாது. பல் பிடுங்குவதற்காகக்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வெடித்த வீக்கமென்றால் இந்த மாத்திரைகளே ஆபத்தாகலாம், அங்கே அறுவை செய்து வீக்கத்தின் வாயைக் கவ்வி மூடும் கிளிப்பா, ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸா என்று யோசிப்பார்கள். திடீரென்று தாங்கமுடியாத தலைவலி வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.