நெம்ப வேண்டாம், சூடாக்குங்கள்

அல்சூர் நண்பருக்கு, அந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள். எஸ்டி ரோட்கிங் பைக் இன்ஜினின் திருகுகளை எல்லாம் கழற்றியும் கிராங்க்கேஸ் (கிராங்க் என்ற சுழல்தண்டை மூடியிருக்கும் இரு பாதி உறை) பிரியவில்லை, நெம்பிப் பிரிக்கச் சொல்கிறார் மெக்கானிக் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இது 2 ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோல் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் நுழைந்துதான் அழுத்தம் பெறுகிறது. இரு பாதிகளும் சேரும் முகத்தில் ஆழமான கீறல் விழுந்தால் அதன் வழியே காற்று புகும், கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அழுக்குக்கு அடியில் திருகு ஏதும் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றி ஹீட் கன்னால் சீராகச் சூடாக்குங்கள். உறை அலுமினியம், பேரிங் எஃகு; எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். பேரிங்கின் பிடி தளர்ந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீற வேண்டும், அந்தச் சூடு போதும். பிறகு ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். கிராங்க் முனையில் மட்டும் இரும்புச் சுத்தியல் படவே கூடாது, கிராங்க் கோணிவிடும்.

தண்டுகளில் உள்ள மெல்லிய ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் தகட்டு வளையங்கள்) எந்தப் பக்கம் இருந்தன என்று உடனே படம் எடுத்து வையுங்கள். கசிவைத் தடுக்கும் வளையங்களான பழைய ஆயில் சீல்களை மறுபடி போடாதீர்கள், பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்கு மாதிரிக்காக எடுத்துச் செல்லுங்கள்.