கிப் ரிவர் ரோட்டுக்கு வாடகை வண்டி: 'ஃபுல் இன்சூரன்ஸ்' போதுமா?

கேள்வி: மகன் ஆஸ்திரேலியாவில் டார்வினில் வேலை பார்க்கிறான். ஜூலையில் நானும் வீட்டுக்காரம்மாவும் அங்கே போகிறோம். வண்டியை வாடகைக்கு எடுத்து, பக்கத்து மாநிலமான மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள குனுனரா போய், கிப் ரிவர் ரோடு வழியாக புரூம் வரை போகலாம் என்கிறான். சாதாரண எஸ்யூவி மலிவு, ஃபுல் இன்சூரன்ஸும் உண்டாம். ஃபோர் வீல் டிரைவுக்கு (நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி) வாடகை இரட்டிப்பு. எதை எடுக்கறதுங்க?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கிப் ரிவர் ரோடுதான் என்றால் அந்த எஸ்யூவி வேண்டவே வேண்டாம். சுமார் 660 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையில் பெரும்பகுதி தார் போடாத கப்பி. பெண்டகோஸ்ட் ஆற்றைத் தண்ணீருக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும். முதலை உள்ள ஆறு அது. சாதாரண வண்டிகளுக்கான ஒப்பந்தத்தில் மண் சாலைக்குப் பெரும்பாலும் தடை இருக்கும். அதை மீறினால் ஃபுல் இன்சூரன்ஸ் கைகொடுக்காது, சேதம் முழுக்க உங்கள் தலையில்தான் விழும். ஃபோர் வீல் டிரைவ் எடுத்தாலும் தண்ணீர் புகுந்த சேதம், அடிப்பாகச் சேதம் இரண்டையும் பல நிறுவனங்கள் சேர்ப்பதில்லை. எனவே 'கிப் ரிவர் ரோட்டுக்கு அனுமதி உண்டு' என்று சாலைப் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொல்வது நாளைக்குச் செல்லாது.

அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று பாருங்கள். டார்வினில் பல வண்டிகளுக்கு வரம்பு உண்டு; தாண்டினால் கிலோமீட்டர் கணக்கில் காசு. டார்வினில் எடுத்து புரூமில் விடுவதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்று தெரியும்.

இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்ற விதியும் சாதாரணம். மாடும் கங்காருவும் குறுக்கே வரும். குனுனராவில் கடிகாரம் டார்வினைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்; ஜூலையில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வழியில் உள்ள டிம்பர் கிரீக் என்ற ஊரிலிருந்து குனுனராவுக்கு மட்டும் சுமார் 225 கி.மீ.; கோவையிலிருந்து மதுரை போகிற தூரம். வழியில் போன் சிக்னலை நம்ப முடியாது. டேங்க் நிரப்பி, குடிதண்ணீர் வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு ஹால்ஸ் கிரீக், ஃபிட்ஸ்ராய் கிராசிங் வழியாகப் போகும் தார்ச்சாலையே போதும். அதற்கு அந்த எஸ்யூவி தாராளம்.

முன்பதிவை இந்தியப் பயண நிறுவனம் மூலம் செய்து தகராறு வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வண்டியை வாங்கும்போதும் விடும்போதும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள்.